மேசைக்கு அந்தப் பக்கம்

அவள் ஒரு மேசையின் முன்னால் நேராக உட்கார்ந்து நான் பார்த்தது மிகக் குறைவு. தேத்தண்ணிக் கடையானாலும் சரி, கலியாண வீட்டுச் சாப்பாடானாலும் சரி, கதிரையை இழுத்துப் பக்கவாட்டில் போட்டுக்கொள்வாள். கேட்டால், கால் நீட்ட வசதி என்பாள். நீட்டுகிற அளவுக்கு அவளுடைய கால்கள் நீளமும் இல்லை. உண்மைக் காரணம் எங்கள் பட்டறையில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்த பிறகு எங்களில் ஒருவரும் அவளுக்கு எதிரே உட்கார விரும்பியதில்லை.

பெயரைச் சொல்லப் போவதில்லை. இப்போது அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறாள். எந்தச் செயலகம் என்றும் கேட்காதீர்கள். கிண்ணியாக்காரி, பாலம் தாண்டி பஸ்ஸில் நகரத்துக்கு வருவாள். அவளுடைய சொந்தக் குரல் அவ்வளவு சின்னது. பஸ்ஸில் "இறக்கம்" என்று சொல்ல வாய் வராது. பக்கத்தில் இருப்பவரின் காதில் சொல்லி அவரைக் கொண்டு சொல்விப்பாள். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் பஸ் நிற்கிற இடம்வரை போய், இறங்கித் திரும்பி நடந்து வருவாள். பட்டறைக்கு அவள் பிந்தி வந்தால் இன்றைக்குப் பக்கத்து இருக்கை காலி என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். அவளும் சிரிப்பாள். சிரிப்பும் கேட்காது.

பட்டறை என்றால் இரும்புப் பட்டறை இல்லை. இளைஞர்களுக்கு அடிப்படை உரிமைகளும் சமூகப் பாதுகாப்பும் சொல்லிக்கொடுக்கிற பட்டறை. எங்கள் ஊரில் படித்துவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளைகள் யாவரும் இப்படி ஏதாவது ஒன்றுக்குப் போய் வந்தவர்கள்தான். துறைமுகத்தைப் பார்த்த பழைய மண்டபம் ஒன்றின் மேல்மாடியில், சனிக்கிழமை தோறும் நடந்தது. யன்னலால் பார்த்தால் உட்துறைமுகத்தில் கப்பல் நிற்கும். கீழே மதிலோரம், எங்கள் நகரத்துத் தெருக்களில் ஆடுமாடு போலத் திரிகிற மான்கள் படுத்திருந்து நாங்கள் எறிகிற சாப்பாட்டுப் பார்சல் கடதாசிகளை மெல்லும். நான் அந்தப் பார்சலுக்காகத்தான் போனேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை.

மற்றப் பாதி அண்ணா. கடலட்டை பிடிக்க சிலிண்டர் கட்டிக் கடலில் முழுகுகிறவர். ஒருநாள் அடியில் காற்று முடிந்து அவசரமாக மேலே வந்தார். வந்த உடம்பில் இடுப்புக்குக் கீழே இயங்கவில்லை. அன்றிலிருந்து அவர் கட்டிலும் தானுமாக இருந்தார். படுக்கைப் புண் வந்தது. கிளினிக்குக்குக் கொண்டுபோக ஒவ்வொரு முறையும் ஓட்டோ பிடிக்க வேண்டும். அப்பா இல்லாத வீடு. அம்மா இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். அண்ணாவைப் போன்றவர்களுக்கு மாதாமாதம் அரசாங்க உதவிப்பணம் உண்டு என்று பட்டறையில்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். அது பிச்சை இல்லை, உரித்து என்று எங்களுக்குப் படிப்பிக்க வந்த வளவாளர் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. நான் லேசில் அழுகிற ஆள் இல்லை.

வளவாளர் ஒரு இளம் சட்டத்தரணி. எங்களைவிட நாலைந்து வயது கூட இருக்கும். சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று கடதாசியில் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டு, இதை வாசித்து ஒரு பிரயோசனமும் இல்லை, மேசைக்கு முன்னால் நின்று கதைத்துப் பழக வேண்டும் என்பார். "காரணம் கேளுங்கோ. எழுத்தில கேளுங்கோ. தமிழில கேளுங்கோ. உங்களுக்கு அது மூண்டுக்கும் உரிமை இருக்கு." இதுதான் அவருடைய மந்திரம். பழகுவதற்காக மண்டபத்து நடுவில் ஒரு மேசையைப் போட்டார். ஒருவர் பொதுமகன், ஒருவர் உத்தியோகத்தர். பொதுமகனாக நடிக்க எல்லோரும் கை உயர்த்தினோம். உத்தியோகத்தராக நடிக்க ஒருவரும் வரவில்லை. வாய் பேசாத பிள்ளைக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுப்போம் என்று அவளைக் கூப்பிட்டார்.

அவள் போய் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். பேனாவின் மூடியை எடுத்து மாட்டினாள். சின்னதாக ஒருமுறை செருமினாள். பிறகு எதிரே நின்ற தம்பலகாமத்துப் பெடியனின் தலைக்கு மேலே, சுவரைப் பார்த்தாள்.

"உங்கட பேர் வரேல்லை" என்றாள்.

எப்படிச் சொல்வது? சத்தமான குரல் இல்லை. ஆண் குரல் என்றும் சொல்ல முடியாது, பெண் குரல் என்றும் சொல்ல முடியாது. கிண்ணியாப் பேச்சின் இழுவை அதில் துளியும் இல்லை. கோபமும் இல்லை. கோபம் இருந்திருந்தால் நாங்கள் பயந்திருக்க மாட்டோம். அது நாங்கள் ஒவ்வொருவரும் சின்ன வயதில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்று கேட்ட குரல். தம்பலகாமத்துப் பெடியன் வயல் வரப்பில் யானைக்கு முன்னால் நின்று கத்துகிறவன். அவன் கைகளைக் கட்டிக்கொண்டு, "எப்ப வரட்டும் ஐயா?" என்று கேட்டான். நடிப்பு என்பதை மறந்துபோனான்.

வளவாளர் மட்டும் கைதட்டினார். நான் யன்னலோரம் இருந்தேன். கீழே படுத்திருந்த மான்கள் எல்லாம் ஒன்றாக எழும்பி, தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மெதுவாக நடந்து மதிலுக்கு அப்பால் போயின. நாய் ஏதும் வந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாய் ஒன்றையும் நான் காணவில்லை.

எழும்பி வந்தவள் என் பக்கத்தில் இருந்து கழுத்தைத் தடவினாள். "தொண்டை குளிருதுடி" என்றாள். பையிலிருந்து கராம்பு ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். பிறகு தன்னுடைய பழைய குரலில், பார்சலில் இன்றைக்கு மீனா கோழியா என்று கேட்டாள். அன்றிலிருந்து அவளுடைய பையில் எப்போதும் கராம்பு இருந்தது.

அது ஒரு வழக்கமாகிவிட்டது. செயலகத்துக்குப் போக வேண்டியவர்களை முதலில் எங்கள் மண்டபத்துக்குக் கூட்டிவந்து அவளுக்கு முன்னால் நிறுத்திப் பழக்குவோம். இங்கே கதைத்தால் அங்கே பயமில்லாமல் கதைக்கலாம் என்பது எண்ணம். மூதூரிலிருந்து வந்தார்கள், வெருகலிலிருந்தும் பஸ் ஏறி வந்தார்கள். விதவைகள், வயதானவர்கள், காணிப் பத்திரம் இல்லாதவர்கள். வந்த எல்லோரும் அவளை ஐயா என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வயதுப் பெண்ணை, தலையில் பூப்போட்ட முக்காட்டோடு இருக்கிறவளை. நான் பழக நின்றபோது மட்டும் அப்படிக் கூப்பிடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு "நீங்கள்" என்றே கதைத்தேன். அது என் வீம்பு. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

பயம் பிடித்தது பிறகுதான். போய் வந்தவர்கள் சொன்னார்கள், அங்கேயும் இதே சொற்கள்தானாம். அதே இடத்தில் செருமலும் வருமாம். தம்பலகாமத்துப் பெடியன், அந்த உத்தியோகத்தரும் மூடியை மாட்டிவிட்டுத்தான் கதைத்தவர் என்று வந்து சொன்னபோது நாங்கள் சிரித்தோம். அடுத்த சனிக்கிழமை மூதூர்க்காரப் பெண்மணி ஒருவர் இன்னொரு கந்தோரின் கதையைச் சொன்னார். அங்கே இருந்தது ஒரு சிங்களப் பெண் உத்தியோகத்தர். தமிழ் கொச்சையாகத்தான் வருமாம். குரல் மட்டும் இதுதான் என்றார். அதற்குப் பிறகு நாங்கள் சிரிக்கவில்லை. எங்கே கேட்டுப் பழகினாய் என்று அவளிடம் கேட்டேன். தான் செயலகத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை என்றாள். வாப்பாவின் கடையில் போட்டோக் கொப்பி அடிப்பதோடு சரி. "நான் கதைக்கிறதில்லை. நான் மூடிய மாட்டினா, அவர் வந்து கதைக்கிறார்" என்றாள். அவர் என்று அவள் யாரைச் சொல்கிறாள் என நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

அம்மாவையும் அந்த மண்டபத்துக்குக் கூட்டிப்போனேன். அண்ணாவின் விண்ணப்பத்தை அம்மாதான் கொடுக்க வேண்டியிருந்தது. அவள் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள், அம்மாவின் கையால் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டிருக்கிறாள். அம்மாவுக்கு அவள் மீது தனிப் பிரியம், கிண்ணியாப் பிள்ளை என்றுதான் சொல்வார். அன்றைக்கு அம்மா படியேறி வரும்போதே அவள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தாள். அம்மா விண்ணப்பத்தை நீட்டினார். அவள் மூடியை மாட்டினாள், செருமினாள்.

"உங்கட மகன் அனுமதி இல்லாமல் முழுகினவர். அதுக்கு உதவி இல்லை."

அண்ணாவிடம் அனுமதிப் பத்திரம் இருக்கவில்லை என்பது எங்கள் வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. நான் அவளிடம் சொன்னதில்லை. அம்மாவும் சொன்னதில்லை. அம்மா காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும் என்று பாடமாக்கிக்கொண்டு வந்தவர். ஒன்றும் கேட்கவில்லை. "சரி ஐயா" என்று கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். ஓட்டோவில் வீட்டுக்கு வந்தார். முதல்தரம் அப்படித்தான், பயம் தெளிந்ததும் செயலகத்துக்குப் போவார் என்று நினைத்தேன். அந்தக் கிழமையே நகரத்து பாமசி ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. காலையில் போனால் பொழுதுபட்டுத்தான் வருவேன். விண்ணப்பம் கொடுத்தாயிற்றா என்று கேட்டால், அதெல்லாம் முடிஞ்சுது பிள்ளை என்பார் அம்மா. கொடுத்துவிட்டார் என்று நம்பினேன்.

மாதங்கள் போயின. அண்ணாவின் புண் ஆழமாகி வந்தது. கிளினிக்குக்குப் போவதை அவர் நிறுத்தியிருந்தார். ஓட்டோவுக்கு வீண் செலவு என்றார். உதவிப்பணம் வந்துவிடும்தானே என்று நான் சொன்னபோது என்னை ஏறிட்டுப் பார்த்தார். "அதுதான் இல்லையெண்டிட்டினமே. அம்மா போய்க் கேட்டவதானே, ஐயா ஒருத்தர் முகத்துக்கு நேரே சொல்லிப்போட்டாராம்."

குசினிக்குள் போய், இடியப்பம் அவித்துக்கொண்டிருந்த அம்மாவைக் கேட்டேன். அம்மா செயலகத்துக்குப் போகவே இல்லை. துறைமுகத்தடியில் மாடியில் இருந்த ஐயா சொல்லிவிட்டார், அதற்குப் பிறகு எங்கே போவது என்று என்னையே திருப்பிக் கேட்டார். அது கிண்ணியாப் பிள்ளை அம்மா, நடிப்பு அம்மா என்று தலையில் அடித்துச் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கிண்ணியாப் பிள்ளையை எனக்குத் தெரியாதே? அண்டைக்கு அங்க அவள் இல்லை."

சனிக்கிழமை பட்டறையில் விசாரித்துப் பார்த்தோம். வெருகலிலிருந்து வந்த பெண் ஒருத்தியும் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டாளாம். மூதூரில் இன்னும் இரண்டு வயதானவர்கள். கதைக்கப் பழக்குகிறோம் என்று கூட்டிவந்து, நாங்களே இல்லை என்று சொல்லி அனுப்பியிருந்தோம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வளவாளரை ஏசினேன். அவளையும் ஏசினேன். அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்தது.

எல்லோரும் போன பிறகு அவளே போய் அந்தக் கதிரையில் இருந்தாள். என்னைக் கூப்பிட்டு எதிரே நிற்கச் சொன்னாள். ஒருதரம் கிடைக்கும் என்று சொல்லிப் பார்க்கிறேன், அம்மாவைக் கூட்டிவா, அந்தக் குரலிலேயே சொன்னால் நம்பி எழும்பிப் போவார் என்றாள். மூடியை மாட்டினாள். செருமினாள். கண் என் தலைக்கு மேலே போனது. வாய் திறந்தது. வெறும் காற்றுத்தான் வந்தது. இன்னொருதரம். "கிடை..." என்றதோடு நின்றது. கழுத்து நரம்பெல்லாம் புடைத்து நின்றது. யன்னலுக்கு வெளியே கப்பல் ஒன்று ஊதியது. அவள் மேசையில் கையை ஊன்றி எழும்பினாள். உதடு வெளுத்திருந்தது.

"ஏலாதுடி" என்றாள். "அவருக்கு அந்தச் சொல்லுத் தெரியா."

மேசைக்குப் பக்கவாட்டில் உட்காருகிற பழக்கம் அன்றைக்குத்தான் தொடங்கியது. பழக்குகிற வேலையையும் அதோடு நிறுத்திவிட்டோம்.

அம்மாவைச் செயலகத்துக்குக் கொண்டுபோக நான் பட்ட பாடு சொல்லி முடியாது. ஒருக்கா இல்லையென்ற இடத்துக்குத் திரும்பப் போவது மரியாதையில்லை என்று நின்றார். கடைசியில் அண்ணாவின் புண்ணைக் காட்டித்தான் வெளிக்கிடப் பண்ணினேன். அவளும் கூட வந்தாள். அம்மாவுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். உத்தியோகத்தர் நடுத்தர வயதுக்காரர், பார்க்க நல்ல மனிதராகத்தான் இருந்தார். விண்ணப்பத்தை வாசித்தார். பேனாவின் மூடியை மாட்டினார்.

அவர் செருமியபோது இரண்டு செருமல் கேட்டது.

"உங்கட மகன் அனுமதி இல்லாமல் முழுகினவர்" என்று தொடங்கினார். என் பக்கத்தில் அவளும், தலையைக் குனிந்தபடி, அதே சொல்லை அதே வேகத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு குரல் இரண்டு வாயால் வந்தது. அவர் பாதியில் நிறுத்தினார். அவள் நிறுத்தவில்லை. "அதுக்கு உதவி இல்லை" என்று அவருக்காக முடித்துவைத்தாள். அவர் அவளைப் பார்த்தார்.

அம்மா என் பக்கம் திரும்பி, "நான் அப்பவே சொன்னனான்தானே" என்றார்.

நான் விடவில்லை. ஊனம் எப்படி வந்தது என்று எந்த விதியில் கேட்டிருக்கிறது, அந்தக் காரணத்தை எழுத்தில் தாருங்கள், தமிழில் தாருங்கள் என்றேன். அவர் மூடியைக் கழற்றினார். வைத்துவிட்டுப் போங்கோ, மேலே அனுப்பிப் பாப்பம் என்று சாதாரண மனிதரின் குரலில் சொன்னார். வெளியே வந்ததும் அவள் வேலியோரம் குந்தியிருந்து இரண்டு கராம்பை ஒன்றாகப் போட்டாள். அவளுடைய சொந்தக் குரல் திரும்பி வரப் பின்னேரம் ஆகிவிட்டது.

மேலே அனுப்பியது மேலேயே இருந்தது. மேன்முறையீடு எழுதினோம். இடையில் உத்தியோகத்தர் மாறினார். பட்டறை முடிந்து பதாகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அவளுக்கு அரசாங்க உத்தியோகச் சோதனை பாஸாகி நியமனம் வந்தது. போகமாட்டேன் என்று அழுதாளாம். வாப்பா விடவில்லை, அரசாங்க வேலையை யார் விடுவார்? அதற்குப் பிறகு எங்களுக்குள் தொடர்பு குறைந்துபோனது. எந்தக் கதிரையில் கொண்டுபோய் வைத்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. அம்மாவுக்குச் செயலகத்திலிருந்து அழைப்பு வந்து, நாங்கள் இருவரும் போய் நின்ற அன்றுதான் தெரிந்தது.

முந்தி அந்த உத்தியோகத்தர் இருந்த அதே மேசை. அதைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு, பக்கவாட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்தது. இவ்வளவு காலத்துக்குப் பிறகும் அதே சின்னக் குரல். அதைக் கேட்டபோது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

"அம்மா, மகன்ட பேர் வந்திட்டு. இந்த மாசத்தில இருந்து உங்களுக்குக் கிடைக்கும்."

அம்மா அவளுடைய கையைப் பிடித்துத் தடவினார். சாப்பிட்டாயா, ஏன் மெலிந்துபோனாய் என்று கேட்டார். பிறகு என்னிடம் குனிந்து, பாவம் நல்ல பிள்ளை, எங்கட மனம் நோகக்கூடாது எண்டு சொல்லுது, ஐயாவைக் கூப்பிடச் சொல்லு என்றார். அவள் கடிதத்தை எடுத்துக் காட்டினாள். முத்திரை குத்தியதைக் காட்டினாள். நான் வாசித்துக் காட்டினேன். அம்மா கேட்டுத் தலையாட்டிவிட்டு, கதிரையை விட்டு அசையவில்லை. கையெழுத்து வைக்கச் சொன்னால், ஐயா வரட்டும் என்றார். அன்றைக்குள் கையெழுத்து வைக்காவிட்டால் பெயர் திரும்பிப் போய்விடும் என்று அவள் என்னிடம் சொன்னாள். பின்னால் வரிசை நீண்டுகொண்டு போனது.

அவள் என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். அண்ணாவின் முதுகுப் புண்தான் என் கண்ணில் நின்றது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் கதிரையை நேராக இழுத்துப் போட்டு மேசைக்கு அந்தப் பக்கம் போனாள். மூடியை மாட்டினாள். செருமினாள். அம்மாவின் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தாள். வரிசையில் நின்றவர்களின் கதை சட்டென்று அடங்கியது.

"உங்கட மகனுக்குக் கிடைக்கும். கையெழுத்தை வைச்சிட்டுப் போங்கோ."

அன்றைக்கு மண்டபத்தில் பாதியோடு நின்ற அந்தச் சொல், இன்றைக்கு அந்தக் குரலில் தடங்காமல் முழுதாக வந்தது. அம்மா விருட்டென்று எழும்பினார். "சரி ஐயா" என்றார். காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார். கும்பிட்டார். வெளிவாசலுக்குப் போகும்போதே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அண்ணா படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நான் போகாமல் நின்றேன். அவள் மேசை லாச்சியை இழுத்துத் திறந்து கராம்பை எடுத்து வாயில் போட்டாள். நான் காத்திருந்தேன். நன்றி சொல்ல வேண்டும், கையைப் பிடிக்க வேண்டும், வா, தேத்தண்ணி குடிப்போம் என்று கூப்பிட வேண்டும். அவள் கராம்பை மென்றாள். இன்னொன்றை எடுத்துப் போட்டு அதையும் மென்றாள். பின்னால் நின்றவர்கள் என்னை இடித்தார்கள். அவள் மெல்ல நிமிர்ந்து, என் தலைக்கு மேலே பார்த்தாள்.

"நீங்கள் ஏன் இன்னும் நிக்கிறீங்கள்?"

"ஒண்டுமில்லை ஐயா" என்று சொல்லிவிட்டு நான் வெளியே வந்தேன்.